எயார் ரைபிள் எடைத் தொகுதி: 800 கிராம் வாங்கி 340 கிராம் பூட்டிய கதை

பத்து மீற்றர் எயார் ரைபிள் (சிலிண்டரில் அடைத்த காற்றின் அழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) போட்டிக்குப் பயிலும் என் மகளுக்காக இணையவழி விற்பனையாளர் ஒருவரிடமிருந்து வரவழைத்த, துப்பாக்கி ஆடாமல் நிற்பதற்காக அதில் பூட்டும் எடைத் தொகுதியையும், அது கைகொடுக்காமற்போன பிறகு திருகோணமலைக் கண்டி வீதியிலுள்ள ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய வட்டுகளையும் இங்கே சேர்த்தே மதிப்பிடுகிறேன். வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னர் தங்கள் துப்பாக்கியை ஒரு தராசில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பதே இதில் நான் முதலில் சொல்ல விரும்புவது. நாங்கள் அதைக் கடைசியில்தான் செய்தோம்.

சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனத்தின் விதிப்படி, எயார் ரைபிளின் மொத்த நிறை, குறிபார்க்கும் சாதனங்கள் உட்பட, 5.5 கிலோகிராமைத் தாண்டக்கூடாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் எல்லை ஒன்றே. குழலில் பூட்டும் எடைகள் குழலின் மையத்திலிருந்து 30 மில்லிமீற்றர் ஆரத்துக்குள் அடங்கவேண்டும். முன்கட்டையின், அதாவது குழலுக்குக் கீழே கை தாங்கும் பகுதியின், அடிப்பகுதி குழலின் மையக் கோட்டிலிருந்து 120 மில்லிமீற்றருக்கு மேல் கீழிறங்கக்கூடாது என்பதால், அதன் அடியில் எதையாவது தொங்கவிட நினைப்பவர் அந்த அளவையும் பார்த்துக்கொள்ளவேண்டும். உபகரணப் பரிசோதனையில் தேறிய பின்னர் விதிக்கு முரணாக எதையாவது மாற்றினால், போட்டி முடிந்து நடக்கும் சோதனையில் அகப்பட்டுத் தகுதி நீக்கப்பட நேரும்.

தொகுதியில் 100 கிராம் எனப் பொறித்த எட்டு வட்டுகள், அவற்றைக் கோக்க ஒரு நீண்ட போல்ட், குழலில் இறுக்கும் பிடி ஒன்று ஆகியவை இருந்தன. விளம்பரத்தில் “பித்தளை” என்றும் “போட்டி விதிகளுக்கு ஏற்றது” என்றும் போட்டிருந்தார்கள். மத்திய வீதியில் தெரிந்த நகைக்கடைக்காரர் ஒருவர் தமது மின்தராசில் வட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்துக் கொடுத்தார். மிகக் குறைந்தது 97.2 கிராம், மிகக் கூடியது 104.6 கிராம். அந்த வித்தியாசத்தை நான் பெரிதுபடுத்தமாட்டேன், ஏனெனில் பொறித்திருக்கும் எண்ணை நம்பாமல் நிறுத்தே பூட்டுவதுதான் முறை. ஆனால் அவர் கல்லாவுக்குள்ளிருந்து ஒரு காந்தத்தை எடுத்து வட்டின் அருகே கொண்டுபோனதும் அது டக்கென்று ஒட்டிக்கொண்டது. பித்தளையில் காந்தம் ஒட்டாது. இரும்பின்மேல் மஞ்சள் பூச்சுப் பூசி அனுப்பியிருந்தார்கள். உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டில் கடற்காற்று ஓயாது. மூன்றாம் மாதத்தில் துளை விளிம்புகளில் பூச்சு உரிந்து துரு கசிந்து, துப்பாக்கிப் பையின் உட்துணியில் செம்மண் நிறத்தில் வட்ட வட்டமாகக் கறை பிடித்துவிட்டது.

குழற்பிடி அதைவிட மோசம். பிடியின் உடல் 30 மில்லிமீற்றர் ஆரத்துக்குள் அடங்கினாலும், அதை இறுக்கும் திருகின் தலை வேர்னியரில் அளந்தபோது மையத்திலிருந்து 34 மில்லிமீற்றரில் நின்றது. விற்பனையாளருக்குப் படத்துடன் எழுதினேன். திருப்பி அனுப்பும் செலவு என்னுடையது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்தச் செலவுக்குப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம்.

அடுத்தது கணக்கு. எங்கள் துப்பாக்கி, குறிபார்க்கும் சாதனங்களுடனும் காற்று நிரப்பிய சிலிண்டருடனும் 4.74 கிலோகிராம். எட்டு வட்டுகளையும் பூட்டினால் 5.54, போல்டையும் சேர்த்தால் அதற்கும் மேல். சிலிண்டரில் அடைத்த காற்றுக்கும் நிறையுண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: 100 மில்லிலீற்றர் கொள்ளளவில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று ஏறத்தாழ 24 கிராம் நிறுக்கும். ஆகவே எல்லையை ஒட்டிப் பூட்டுபவர்கள் நிரம்பிய சிலிண்டருடன்தான் நிறுத்துப் பார்க்கவேண்டும்.

எல்லை வரை ஏற்றவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை என்பதையும், கூடிய பாரம் கூடிய நிதானத்தைத் தரும் என்ற எண்ணம் பாதியளவே சரி என்பதையும் விளம்பரங்கள் சொல்வதில்லை. நின்ற நிலையில் இடது முழங்கை இடுப்பில் ஊன்ற, துப்பாக்கியின் சமநிலைப் புள்ளி இடது கைக்கு நேர் மேலே வந்தால்தான் தசைகள் ஓய்கின்றன. சமநிலைக் கணக்கில், கைக்கு 60 சென்ரிமீற்றர் முன்னால் குழலில் ஏற்றிய 100 கிராமும் 30 சென்ரிமீற்றர் பின்னால் கட்டையில் ஏற்றிய 200 கிராமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். 75 நிமிடத்தில் 60 குண்டுகள் சுடவேண்டும்; பத்துப் புள்ளிக்கான பொட்டின் விட்டம் வெறும் அரை மில்லிமீற்றர். பாரம் கூடினால் நாற்பதாவது குண்டுக்குப் பிறகு இடுப்பு நோவத் தொடங்கும் என்று மகள் சொன்னாள், இலக்குத் தாள்களும் அதையேதான் காட்டின.

பட்டறைக்காரரிடம் ஒரு துண்டுப் பித்தளைத் தண்டு கிடந்தது. 40 மில்லிமீற்றர் விட்டம், 10 மில்லிமீற்றர் தடிப்பு, நடுவில் 8 மில்லிமீற்றர் துளை என்று மூன்று வட்டுகளுக்கு வரைந்து கொடுத்தேன். அந்த அளவில் பித்தளை வட்டு 102 கிராம் அளவில் வரும். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சேர், விளிம்பை அரை நூல் உருட்டிவிடுறன், இல்லாட்டிப் பிள்ளையின்ர உடுப்பில கொழுவும்” என்றார் (பட்டறைப் பேச்சில் ‘நூல்’ என்பது அங்குலத்தில் எட்டிலொரு பங்கு). எனக்குத் தோன்றாத விடயம் அது. பயிற்சி மேலங்கியின் தடித்த கன்வஸில் இரும்பு வட்டின் கூர் விளிம்பு இரண்டு இடங்களில் ஏற்கெனவே நூலை இழுத்திருந்தது.

குறை ஒன்றும் உண்டு. இரண்டு நாளில் தருவதாகச் சொன்ன வேலை ஒன்பதாம் நாள்தான் கைக்கு வந்தது; இடையில் நான்கு முறை போய்வந்தேன். ஆனால் மூன்று வட்டுகளும் அதே நகைக்கடைத் தராசில் 101.8, 102.1, 101.9 என்று நின்றன, தொகுதிக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குதான் செலவும். 34 கிராம் போல்டுடன் சேர்த்துப் பின்கட்டையில் பூட்டியது ஏறத்தாழ 340 கிராம், மொத்தம் 5.08 கிலோகிராம். இறக்குமதிப் பிடியைக் கழற்றிவிட்டோம்; குழலில் இப்போது எதுவும் இல்லை.

பித்தளை துருப்பிடிக்காது என்றாலும் கடற்காற்றில் கறுக்கும். வெள்ளிக்கிழமை குத்துவிளக்குத் துலக்கும்போது மனைவி அந்த மூன்று வட்டுகளையும் தேசிக்காய்ப்புளி போட்டுத் தேய்த்து, கழுவி, ஈரம் போகத் துடைத்துத் தருகிறாள்.