எஸ்ஓஎஸ் குரோமோடெஸ்ட் பெட்டி: நீலத்தோடு மஞ்சளையும் பாருங்கள்

தண்ணீரில் டீஎன்ஏயைப் பழுதாக்கும் இரசாயனம் உண்டா என்று அறிய ஏம்ஸ் சோதனை (பற்றீரியாவில் மரபுமாற்றத்தைப் பார்ப்பது) செய்தால் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். இந்தப் பெட்டியில், இரவு முழுக்க வளர்த்த பற்றீரியா காலையில் கையிலிருந்தால் பின்னேரத்துக்குள் முடிவு வந்துவிடும்.

உள்ளே இருப்பது ஈ.கோலி பற்றீரியாவின் பிகியூ37 என்ற வகை. டீஎன்ஏ பழுதானால் வெளிப்படும் ஒற்றை இழையில் ரெக்-ஏ புரதம் சுற்றிக்கொள்ளும். அதைத் தொட்ட லெக்ஸ்-ஏ என்ற அடக்கிப் புரதம் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும். அது அடக்கிவைத்திருந்த 40க்கு மேற்பட்ட மரபணுக்கள் அப்போது விழிக்கும். அவற்றுள் கலப்பிரிவை நிறுத்தும் சுல்-ஏயுடன் நிறப்பொருளை நீலமாக்கும் நொதியத்தின் மரபணுவான லாக்-இசட்டை ஒட்டியிருக்கிறார்கள். பழுது கூடக்கூட நீலமும் கூடும்.

மாதிரியை இரண்டிரண்டு மடங்காக ஐதாக்கி, 96 குழித் தட்டில் பற்றீரியாவோடு 37 பாகையில் 2 மணித்தியாலம் வையுங்கள். பிறகு நிறப்பொருள், இன்னும் ஒன்று ஒன்றரை மணித்தியாலம். தட்டை மூடாமல் வைத்தால் ஓரக் குழிகள் வற்றிப் பொய்யான அளவு காட்டும்.

பலர் சறுக்குவது இங்கேதான். செறிவு கூடிய முதல் இரண்டு குழிகள் நிறமற்று அப்பாவியாக இருக்கும், மூன்றாவது கடும் நீலம். முதலிரண்டில் நஞ்சில்லை என்று எழுதிவிடாதீர்கள், பற்றீரியாவே செத்திருக்கலாம். அதைக் காட்டவே, உயிருள்ள பற்றீரியா எப்போதும் செய்யும் நொதியமான அல்கலைன் பொஸ்பற்றேசின் மஞ்சள் இருக்கிறது (நீலமும் சேர்ந்தால் கண்ணுக்குப் பச்சை). நீலத்தை மஞ்சளால் வகுத்து, மாதிரி சேர்க்காத வெற்றுக் குழியின் விகிதத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு மடங்குக்கு மேல் என்றால் கவனியுங்கள். ஒன்றரைக்கும் இரண்டுக்கும் இடையில் என்றால் திரும்பச் செய்யுங்கள்.

கொழும்புக் குழாய் நீரில் எஞ்சிய குளோரினே பற்றீரியாவைக் கொன்றுவிடும். சோடியம் தயோசல்பேற்று கொஞ்சம் சேர்த்து, அதே அளவை வெற்றுக் குழியிலும் சேருங்கள். சாயப்பட்டறைக் கழிவுநீரின் சொந்த நிறமும் குழப்பும். பற்றீரியா இல்லாத குழி ஒன்றை வைத்து அதன் அளவைக் கழிக்க வேண்டும்.

குறை ஒன்று உண்டு. டீஎன்ஏயில் மெதைல் தொகுதியை ஏற்றும் பொருட்கள் சிறிய அளவில் இருந்தால் சமிக்ஞை மங்கும். பிகியூ37இல் பழுதை வெட்டி அகற்ற உதவும் யூவிஆர்-ஏ மரபணு முடக்கப்பட்டிருந்தாலும், ஏடா புரதம் அந்த மெதைலைத் தன் சிஸ்டெயின் அமினோ அமிலத்தில் வாங்கிப் பழுதைத் தீர்த்துவிடும். அத்தகைய மாதிரிக்கு ஏம்ஸையும் சேர்த்தே செய்யுங்கள்.

உடலில் இரசாயனம் மாறுவதைப் போலச் செய்து பார்க்க உதவும் ஈரல் நொதியக் கலவையான எஸ்9ஐயும் வாங்குவதானால், −80 பாகை உறைகுளிரூட்டிக்கு மின்பிறப்பாக்கி இணைப்பு உண்டா என்று முதலில் பாருங்கள். ஒருமுறை உருகினால் அதன் வீரியம் குறைந்துவிடும்.