போல்பிடிஸ் பெரணி: மூன்று வருடம் வளர்த்த கதை

போல்பிடிஸ், மீன் தொட்டிக்குள் வளர்க்கும் பெரணி. முதல் செடியைக் கொன்றது நான்தான். சென்னை கொளத்தூர் மீன் கடையில் வாங்கி வந்த அன்றே, மற்ற செடிகளைப் போல மணலுக்குள் நட்டுவிட்டேன். பத்தே நாளில் மட்டத்தண்டு (இலையும் வேரும் கிளம்பும் படுக்கைத் தண்டு) கறுத்து அழுகிவிட்டது. "புதைச்சு வைங்க சார், தானா பிடிச்சுக்கும்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பியது என் தப்பு.

போல்பிடிஸ் ஹியூடெலோட்டி ஆப்பிரிக்கப் பெரணி. மேற்கே செனகல், கிழக்கே எத்தியோப்பியா, தெற்கே தென்னாப்பிரிக்காவின் வடபகுதி வரை, வேகமாக ஓடும் ஓடைகளில் பாறையைப் பற்றிக்கொண்டு படரும். இது தெரிந்திருந்தால் மணல் பக்கமே போயிருக்க மாட்டேன்.

இரண்டாவது செடியைக் கறுப்பு நூலால் மரக்கட்டையில் கட்டினேன். செத்துப் போகவில்லை, வளரவும் இல்லை. நான்கு மாதம் அப்படியே நின்றது. இலை ஓரமெல்லாம் கறுப்புப் பாசி. லைட்டைக் கூட்டினேன், பாசிதான் கூடியது. உரம் ஊற்றினேன், அதையும் பாசியே தின்றது. ஒருநாள் பில்டரைக் கழுவிவிட்டுத் திரும்ப வைக்கும்போது கட்டை இடம் மாறி, தண்ணீர் விழும் வாய்க்கு நேராக வந்துவிட்டது. மூன்றாவது வாரம் புது இலை! அதற்குத் தேவைப்பட்டது ஓட்டம்தான். லைட்டைப் பழையபடி குறைத்துவிட்டேன்.

புது இலையை வெளிச்சத்துக்கு எதிரே பார்க்க வேண்டும். கரும்பச்சை, ஆனால் கண்ணாடித் தாள் போல ஒளி ஊடுருவும். இதற்காகவே வாங்கலாம்.

வளர்ச்சி ஆமை வேகம்தான். மாதம் ஒன்றிரண்டு இலை வந்தால் பெரிது. சிஓ2 (கரியமில வாயு) வைத்தால் வேகம் பிடிக்கும் என்கிறார்கள். நான் செலவழிக்கவில்லை. போர் தண்ணீர் உப்பாக இருப்பதால் பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலக்கிறேன். மே மாதம்தான் தலைவலி: தொட்டி 31 டிகிரியைத் தொட்டதும் இலைகள் பழுப்பாகின. தண்ணீர் மேல் ஒரு சின்ன மின்விசிறி வைத்ததும் 28க்கு இறங்கியது. காங்கோ டெட்ரா மீன்கள் இன்றுவரை ஒரு இலையைக்கூடக் கடிக்கவில்லை.

பாசிக்கு மருந்து ஊற்றாதீர்கள், ஓட்டத்தைக் கூட்டி, கெட்ட இலையை அடியோடு வெட்டுங்கள். நண்பர் மட்டத்தண்டில் ஒரு துண்டு கேட்டிருக்கிறார். நான்கு இலையாவது சேர்த்து வெட்டினால்தான் பிழைக்கும், அதனால் கோடை முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.