வேர்ட்பிரஸ் 4.0 இல் கிடந்த ஊர்த் தளத்தை மேலே கொண்டுவந்த அனுபவம்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். ஊருக்கென்று ஒரு இணையத்தளம் 2014 இல், தளம் நடத்துகிற மென்பொருளான வேர்ட்பிரஸில் தொடங்கினோம், அன்றிலிருந்து அதைப் பார்க்கிற ஆள் நான்தான். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற ஊர்ச்சனம் அதற்குள் வருவது இரண்டு விஷயத்துக்கு: கோயில் திருவிழாப் படங்கள், மரண அறிவித்தல்.

அந்த மரண அறிவித்தலுக்காக நான் செய்த இரண்டு மாற்றங்கள்தான் தளத்தின் உயிர். ஒன்று, இறந்த திகதியைப் போட்டால் முப்பத்தோராம் நாள் எப்போது என்று தானாகக் காட்டும். மற்றது, பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி அனுப்புவதை யூனிகோடாக மாற்றும். இது சும்மா வேலை இல்லை. கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துகளை முதலில் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் 'கொ' என்பது 'கெ'யும் தனிக் காலுமாகப் பிரிந்து நிற்கும், அந்த ஒழுங்கைப் பிடிக்கவே எனக்கு மூன்று கிழமை போனது. ஆனால் எழுதின இடம் பிழை. இரண்டையும் தீமின் (தளத்துக்குத் தோற்றம் தரும் கோப்புத் தொகுதி) ஃபங்ஷன்ஸ் கோப்புக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன்.

2019 இல் ஒருநாள் தீமுக்கு அப்டேட் என்று வந்தது, அமத்தினேன். தீம் அப்டேட் என்றால் பழைய ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டுப் புதியதை வைக்கும் என்பது அப்போது தெரியாது. பாமினி மாற்றி ஒரு பழைய பென்டிரைவில் கிடந்ததால் தப்பியது. நாள் கணக்கை நினைவிலிருந்து எழுதினேன். இரண்டு நாளில் செயலாளர் மாஸ்டர் போன் எடுத்தார்: "தம்பி, முப்பத்தொண்டு ஒரு நாள் பிந்திக் காட்டுது, செத்த நாளையும் சேர்த்தெல்லோ எண்ணுறது?" 30 கூட்ட வேண்டிய இடத்தில் 31 கூட்டியிருந்தேன். வேறு பக்கமென்றால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், இதில் கவனிப்பார்கள்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அப்டேட் பட்டன் பக்கம் போகவே இல்லை. வேர்ட்பிரஸின் 3.7 பதிப்பிலிருந்து சின்னப் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே ஏறும் என்பதால், 4.0 ஐ வைத்துக்கொண்டும் 'பாதுகாப்பாகத்தானே இருக்கிறோம்' என்று இருந்தேன். 2022 டிசம்பரோடு 3.7 முதல் 4.0 வரையான பதிப்புகளுக்கு அதையும் நிறுத்திவிட்டார்கள். அதே நேரம் தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனமும், வேர்ட்பிரஸ் ஓடுகிற மொழியான பிஎச்பியின் 5.6 பதிப்பை எடுத்துவிடப் போவதாகக் கடிதம் போட்டது. அதைக் குறை சொல்ல ஏலாது, 5.6 க்கான ஆதரவு 2018 முடிவோடு போய்விட்டது.

இந்தமுறை முதலில் செய்தது ஒப்பிட்டுப் பார்ப்பது. என் தீம் எந்தப் பதிப்போ அதே பதிப்பின் தொடாத ஜிப்பை இறக்கி, இரண்டு ஃபோல்டரையும் வின்மெர்ஜ் என்ற ஒப்பிடும் மென்பொருளில் பக்கம் பக்கமாக வைத்தேன். நான் நினைத்தது இரண்டு மாற்றம், கிடைத்தது பதினொன்று. யாரோ கேட்டு மாற்றிய ஒரு நிறம், தலைப்பில் ஒரு சொல், ஏன் போட்டேன் என்றே தெரியாத ஒரு வரி. அப்டேட் செய்கிறவர்கள் இந்த ஒரு வேலையைத் தாண்டிப் போகாதீர்கள், மற்றதெல்லாம் பிறகு.

அப்புறம் டேட்டாபேஸையும் அப்லோட்ஸ் ஃபோல்டரையும் இறக்கி வீட்டுக் கணினியில் ஸாம்ப் (வீட்டுக் கணினியையே சேர்வராக்கும் மென்பொருள்) போட்டு ஒரு நகல் தளம் எழுப்பினேன். படங்கள் மட்டும் இரண்டு இரவு இறங்கின, இரவு டேட்டாவை நம்பி விடிய விடிய. முதல்தரம் ஏற்றியபோது தமிழ் முழுக்கக் கேள்விக்குறி. ஏற்றும்போது எழுத்துக் குறியீட்டைப் பிழையாகக் கொடுத்ததுதான் காரணம், மூலக் கோப்பில் எல்லாம் வடிவாக இருந்தது. அதை நகலில் கண்டதால் தப்பினேன், உண்மைத் தளத்தில் கண்டிருந்தால் நித்திரை வந்திருக்காது.

ஒழுங்கும் முக்கியம். 4.0 எழுதப்பட்ட நேரம் பிஎச்பி 7 வரவே இல்லை. அதனால் முதலில் வேர்ட்பிரஸை 6.1 க்கு ஏற்றினேன், அது 5.6 இலும் ஓடும். பிறகு பிஎச்பி 7.4, கடைசியாக 8. 2023 ஆகஸ்டில் வந்த 6.3 க்குக் குறைந்தது பிஎச்பி 7.0 வேண்டும், ஆகவே இப்போது தொடங்குகிறவர்கள் நேரே கடைசிப் பதிப்புக்குத் தாவாமல் பழைய 6.1 ஜிப்பை எடுத்து இடையில் நின்று போங்கள். பிஎச்பி 8 இல் என் பாமினி மாற்றி விழுந்தது, அதில் நீக்கப்பட்ட ஈச் ஃபங்ஷனை நான் பயன்படுத்தியிருந்தேன். ஒரு வரி மாற்றம், அவ்வளவுதான். படங்கள் ஓடுகிற ஸ்லைடர் வேர்ட்பிரஸோடு வருகிற புது ஜேக்வெரி நிரலோடு ஒத்துவரவில்லை, அதைத் தூக்கிவிட்டேன், யாரும் கேட்கவில்லை. புது எடிட்டரைக் கண்டு மாஸ்டர் திகைத்ததால் பழைய எடிட்டரைத் தருகிற கிளாசிக் எடிட்டர் பிளகின் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல்) போட்டுக் கொடுத்தேன்.

சரி, இவ்வளவு காலம் ஓட்டியபின் எப்படி? தோற்றம் சார்ந்ததைச் சைல்ட் தீமிலும் (தாய்த் தீமைத் தொடாமல் அதன்மேல் வைக்கும் சின்னத் தீம்), நாள் கணக்கையும் பாமினியையும் தனிச் சின்னப் பிளகினிலும் வைத்தது இன்றுவரை அசையவில்லை. பிளகினின் தலைப்பில் அப்டேட் யுஆர்ஐ என்ற வரியும் சேர்த்தேன் (5.8 இலிருந்து வேலை செய்யும்), அதே பெயரில் வேறு யாருடைய பிளகினோ வந்து மேலே ஏறாமல் இருக்க. சைல்ட் தீமில் ஒரு குறை உண்டு, அதை யாரும் முதலே சொல்லவில்லை: பக்கத்தின் தலைப்பகுதிக்கான ஹெடர் கோப்பை முழுதாகப் பிரதி எடுத்து வைத்தால், தாய்த் தீம் திருத்தப்பட்டாலும் உங்களுடையது பழையதாகவே நிற்கும். ஒருமுறை மெனு உடைந்தபின்தான் விளங்கியது, இப்போது ஹெடரைத் தொடாமல் ஹூக் (நம் நிரலைக் கொழுவ வேர்ட்பிரஸ் விட்டிருக்கும் இடம்) வழியாகவே சேர்க்கிறேன்.

போன கிழமையும் ஒரு அறிவித்தல் வந்தது. மாஸ்டர் இன்னும் பாமினியில்தான் தட்டுகிறார்.