கூம் டவுன் சுரங்கத்தில் சைக்கிள்: பல வருட அனுபவம்

இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்து மிட்ஃபோர்டு போகும் பழைய ரயில் தடத்தில் பல வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன். வழியில் இரண்டு சுரங்கங்கள். முதலில் வரும் டெவன்ஷயர் சுமார் 409 மீட்டர்தான். நுழைந்த வேகத்தில் வெளியே வந்துவிடலாம். அடுத்து வரும் கூம் டவுன் 1,672 மீட்டர். எழுத விஷயம் இருப்பது அதில்தான்.

1874-ல் ஒற்றைத் தடத்துக்காகத் திறந்த சுரங்கம் இது. புகை போக மேலே ஒரு துளைகூடக் கிடையாது. 1929 நவம்பரில் பாத் நோக்கி மெதுவாக ஏறி வந்த சரக்கு ரயிலின் ஓட்டுநரும் உதவியாளரும் உள்ளேயே புகையில் மயங்கிவிட்டார்கள். ரயில் தானாக வெளியே வந்து, சரிவில் வேகமெடுத்து, பாத் சரக்கு நிலையத்தில் கவிழ்ந்தது. மூன்று உயிர் போனது. அந்த ஏற்றம் இருட்டில் கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும். மிட்ஃபோர்டிலிருந்து திரும்பும்போது கியரைக் குறைத்துவிடுவேன்.

1966-ல் ரயில் நின்றது. 2013 ஏப்ரலில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் பொதுவாகத் திறந்தார்கள். தளம் மேடுபள்ளம் இல்லாமல் இருக்கிறது. உள்ளே விளக்கு உண்டு, ஆனால் மங்கல். சொந்த விளக்கு இல்லாமல் போகாதீர்கள். அதைத் தரையைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள், மினுக்க விடாதீர்கள். எதிரே ஒருவர் பளீரென்று அடித்துக்கொண்டு வந்தால், அவருக்குப் பின்னால் நடந்து வரும் குழந்தை நம் கண்ணுக்குத் தெரியாது. எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான்.

மணி அடித்தாலும் சத்தம் சுவரில் மோதி எந்தப் பக்கமிருந்து வருகிறதென்றே புரியாது. அதனால் ஆள் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து, “வலப்பக்கம் வருகிறேன்” என்று வாயால் சொல்லிவிடுவது நல்லது. நாயோடு வருபவர்களிடம் இன்னும் நிதானம் வேண்டும். நீளக் கயிறு இருட்டில் தெரியவே தெரியாது.

நடுவில் வண்ண விளக்கும் இசையும் வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் அங்கே நின்றுவிடுவார்கள், எனக்கும் அந்த இடம் பிடிக்கும். உள்ளே கோடையிலும் குளிரும், அங்கங்கே தண்ணீர் சொட்டும். மெல்லிய ஜாக்கெட் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மிட்ஃபோர்டிலேயே திரும்பிவிடாமல் கால்வாயைத் தாங்கி நிற்கும் டண்டாஸ் பாலம் போய், அந்தக் கால்வாய்க் கரை வழியாக பாத் வந்து சேருங்கள். மொத்தம் 21 கிலோமீட்டர் போல வரும். மழை பெய்திருந்தால் கரை சேறாக இருக்கும். ஒல்லி டயர் சரிப்படாது.