‘கிங் காங்’ அசல் பாகம் என்று விற்கிறார்களா? முதலில் திருகாணியைப் பாருங்கள்

1933-இல் ஹாலிவுட் ஸ்டுடியோ ஆர்.கே.ஓ. எடுத்த ‘கிங் காங்’ படத்தின் அசல் பொருள்கள் என்று சொல்லி ஒரு கட்டு விற்கப்பட்டது. குரங்குப் பொம்மையின் உலோகக் கை, அதன்மேல் ஒட்டியிருந்த ரோமத் தோல், படத்தில் வரும் தீவின் பெருங்கதவிலிருந்து எடுத்ததாக ஒரு மரத்துண்டு, ஸ்டுடியோ தாளில் தட்டச்சு செய்த கடிதம். நான்கும் போலி. முழுப் பணமும் முன்பே கைமாறிவிட்டது. திருப்பிக் கேட்டபோது, ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது என்று விற்றவர் கைவிரித்துவிட்டார். அதே கட்டு வேறு புகைப்படங்களோடு மறுபடி வரலாம்.

மரத்துண்டில் பொய் எளிதாகவே உடைகிறது. அந்தக் கதவு 1927-இல் வந்த ‘தி கிங் ஆஃப் கிங்ஸ்’ படத்தின் அரங்கிலிருந்து மாற்றியமைத்தது. 1938 டிசம்பர் 10 அன்று ‘கான் வித் த விண்ட்’ படத்தில் நகரம் எரியும் காட்சிக்காக அதை எரித்துவிட்டார்கள். 1940-களில் அரங்கைக் கலைத்தபோது எடுத்தது என்கிறது கடிதம். கலைக்க அங்கே எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

உலோகக் கைதான் ஆட்களை மயக்குகிறது. பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுத்து உயிரூட்டிய வில்லிஸ் ஓ’பிரையனுக்காக மார்செல் டெல்காடோ செய்த பொம்மைகளுக்குள் பந்துக்கிண்ண மூட்டுகள் கொண்ட உலோகச் சட்டகம் இருந்தது. அதன்மேல் பருத்தித் திணிப்பு, ரப்பர், முயல் ரோமம். படம் முடிந்ததும் சட்டகங்களை உரித்து மறுபடி பயன்படுத்தினார்கள். உரிக்காமல் விட்டவற்றிலும் ரப்பர் காலப்போக்கில் இறுகி நொறுங்கிவிடும். ஆகவே உலோகம் மட்டும் மிஞ்சுவது இயல்பு. 2009-இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 22 அங்குலச் சட்டகம் ஒன்று 1,21,250 பவுண்டுக்குப் போனது. போலிகளைப் பெருக்க அந்த விலை ஒன்றே போதும்.

இந்தக் கையின் ஒவ்வொரு மூட்டிலும் பிளஸ் குறி போட்ட ஸ்டார் ஸ்க்ரூ. பிலிப்ஸ் திருகாணி எனப்படும் இது கார்த் தொழிற்சாலைகளில் புழக்கத்துக்கு வந்ததே 1936-இல். ஒரே ஒரு மூட்டில் இருந்தால் பின்னாளில் பழுதுபார்த்தது என்று ஒப்புக்கொள்ளலாம். எல்லா மூட்டிலும் இருந்தால் அது புதிதாகச் செய்ததுதான். துருவும் கவனிக்க வேண்டியது. உப்பும் வினிகரும் தடவி வரவழைத்த துரு வெளிப்பரப்பில் ஒரே சீராகப் படர்ந்திருக்கும், கிண்ணத்தின் உட்புறம் பளபளவென்று இருக்கும். உண்மையான பழைய மூட்டின் இடுக்கில் கருத்துப்போன ரப்பர் துகளும் பருத்தி நூலும் சிக்கியிருக்கும். அதனால் எதையும் துடைக்காதீர்கள், எண்ணெய் விடாதீர்கள், திருகாணியைத் திருப்பிப் பார்க்காதீர்கள். பொருள் அசலாக இருந்தால் அந்த அழுக்கே சாட்சி.

ரோமத்துக்குத் தானாக உதிர்ந்த ஒரு மயிர் போதும். தீயில் காட்டினால் இயற்கை ரோமம் முடி கருகும் வாடையோடு சாம்பலாகும். செயற்கை இழை உருகி மணிபோல் இறுகும். இது உருகியது. உருகாவிட்டாலும் அதோடு விடாமல் நுண்ணோக்கியில் பாருங்கள்: முயல் மயிரின் நடுவில் ஏணிப்படி போன்ற அமைப்பு தெரியும். தோலுக்கு அடியில் பாலியூரித்தேன் நுரை இருந்தால் சோதனையே வேண்டாம், அந்த வேதிமுறை 1937-இல்தான் கண்டறியப்பட்டது.

கடிதத்தை இருட்டில் புற ஊதா விளக்கின் கீழ் வைத்ததும் தாள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. காகிதத்தில் வெண்மையூட்டும் அந்தப் பொருள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவலானது. முகவரியில் ஐந்து இலக்க அமெரிக்க அஞ்சல் குறியீடு வேறு. அது 1963 ஜூலையில் வந்தது.

பணம் கட்டுமுன் மூட்டு இடுக்குகள், திருகாணித் தலைகள், பாதமானால் அடிப்பக்கம் (மேசையோடு பிணைக்கத் துளை இருக்க வேண்டும்) ஆகியவற்றின் நெருக்கப் படங்களைக் கேளுங்கள். படத்தின் எந்தக் காட்சி என்று கேட்டு, ரோமமோ உறையோ மிஞ்சியிருந்தால் ஃபிரேம் ஃபிரேமாக ஒப்பிடுங்கள். வெறும் சட்டகத்தைத் திரையோடு ஒப்பிட முடியாது. அதற்குக் கைமாறிய வரலாறு ஒவ்வொரு கண்ணியாக வேண்டும். விவரிப்பில் ‘திரையில் பயன்பட்டது’, ‘படத்துக்காகச் செய்யப்பட்டது’, ‘அந்தப் பாணியில் அமைந்தது’ என்பவை மூன்று வெவ்வேறு பொருள்கள். இந்தக் கட்டின் ரசீதில் இருந்தது மூன்றாவது சொற்றொடர். விளம்பரத்தில் இருந்தது முதலாவது.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் விளம்பரப் பக்கத்தையும் உரையாடலையும் இன்றே சேமித்து வையுங்கள், விற்றவர் நீக்கிவிடுவார். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் முறையிடும் கெடு எத்தனை நாள் என்று முதலில் கேட்டு, அதற்குள் வல்லுநரின் எழுத்துபூர்வ அறிக்கையை வாங்கிவிடுங்கள்.