பினாங்கு: ஊருக்கு மூன்று ராத்திரி, கடலுக்கு ஒன்று போதும்

மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு பேக்கேஜ் எடுக்கிறவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் ராத்திரி தங்கல் எங்கே என்று பார்க்க வேண்டும். எல்லா நாளும் ‘பத்து பெரிங்கி’ (Batu Ferringhi) என்கிற ஊரின் கடற்கரை ஓட்டல் என்று போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியதெல்லாம் தலைநகரான ஜார்ஜ் டவுனில் கிடக்க, தினமும் ஒரே மலைச்சாலையில் போய் வருவதிலேயே பாதிப் பொழுது கழிந்துவிடும்.

காரைக்குடிப் பக்கத்துக்காரர்களுக்குத் திருச்சி விமானம்தான் தோது. கோலாலம்பூருக்கு நேராகச் சுமார் நாலு மணி நேரம். அங்கிருந்து பினாங்குக்கு உள்நாட்டு விமானமும் உண்டு. ஆனால் நேரம் இருந்தால் கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷனில் இ.டி.எஸ். என்கிற மின்சார விரைவு ரயில் ஏறி, தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் இறங்குங்கள். ஸ்டேஷனை ஒட்டியே படகுத்துறை. ஃபெரி ஜார்ஜ் டவுன் வாசலிலேயே, வெல்ட் கீ துறையில், இறக்கிவிடும். விடுமுறை நாட்களில் ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் முன்கூட்டியே போட வேண்டும். 2026 டிசம்பர் 31 வரை இந்தியர்கள் 30 நாள் வரை தங்க விசா தேவையில்லை. ஆனால் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்பியாக வேண்டும். அது இலவசம். காசு கேட்கிற தளம் எதுவானாலும் அரசுத் தளம் இல்லை.

ஜார்ஜ் டவுன் 1786-ல் பிரான்சிஸ் லைட் தொடங்கிய துறைமுகம். 2008-ல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கார்ன்வாலிஸ் கோட்டையைப் படத்தில் பார்த்துவிட்டுப் போனால் ஏமாற்றம்தான். சண்டையே பார்க்காத கோட்டை அது. வெளியே நடந்துவிட்டு நகர்ந்துவிடலாம். நேரத்தை லிட்டில் இந்தியாவின் பினாங்கு வீதிக்கும் மார்க்கெட் வீதிக்கும் கொடுங்கள். கொண்டுவிற்கப் போன, அதாவது கடல் தாண்டி வணிகம் செய்யப் போன, நகரத்தார் கிட்டங்கி (தொழிலும் தங்கலும் சேர்ந்த இடம்) வைத்திருந்த இடம் இது. அவர்களுடைய கோவில் வீடு இன்றும் பினாங்கு வீதியில்தான் இருக்கிறது. பக்கத்தில் குயின் வீதியில் 1833-ல் எழுந்த மாரியம்மன் கோவில், கொஞ்சம் தள்ளி கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சூலியா வீதியில் நாகூர் தர்கா. எல்லாம் நடக்கிற தூரம்.

நடப்பதில்தான் சிக்கல். கடைவீடுகளின் முன்னால் ஓடுகிற ஐந்தடி நடைபாதை பார்க்க நம் வீட்டுத் திண்ணை வரிசை மாதிரி நிழலாக இருக்கும். ஆனால் ஒரு கடை வாசலுக்கும் அடுத்ததற்கும் அரை அடி ஏற்ற இறக்கம் இருக்கும். நடுவில் மோட்டார் சைக்கிளும் சரக்குப் பெட்டியும் நிற்கும். முழங்கால் வலிக்காரர்கள் அடிக்கடி சாலையில் இறங்கி ஏற வேண்டியிருக்கும். சக்கர நாற்காலி ஓடாது. காலை பத்தரைக்குள் ஒரு சுற்று, வெயில் தாழ்ந்த பின் ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முருகன் கோவில்கள் உள்ள தண்ணீர்மலைக்குத் தனியாக அரை நாள் ஒதுக்க வேண்டும். அடிவாரத்தில் 1857-ல் எழுப்பிய நாட்டுக்கோட்டைச் செட்டியார் தண்டாயுதபாணி கோவில். மேலே 513 படி ஏறினால் பாலதண்டாயுதபாணி. செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் கீழ்க்கோவிலின் பர்மாத் தேக்கு வேலைப்பாட்டைப் பார்த்ததும் கால் நகராது. அங்கே ஓடுகிற வெள்ளி ரதமே காரைக்குடியில் செய்து 1894-ல் கப்பலேற்றியதுதான். தைப்பூசத்துக்கு முந்தின நாள் விடியலில் கோவில் வீட்டிலிருந்து ரதம் கிளம்பும். வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள், சீனர்களும் உடைப்பார்கள். சாலை முழுக்க ஓடு சிதறிக் கிடப்பதால் வெறுங்காலோடு கூட்டத்தில் போகாதீர்கள். அந்த வாரம் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. மற்ற நாளில் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும்.

சாப்பாட்டில் அசைவக்காரர்களுக்குக் குறையே இல்லை. நாசி கண்டார் என்கிற குழம்புச் சோறு தமிழ் முஸ்லிம்கள் காவடியில் சுமந்து விற்றதில் பிறந்தது. குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொன்னால்தான் ருசி. ஆனால் தட்டில் வைக்கிற ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலை, கேட்டுவிட்டு வாங்குங்கள். சைவக்காரர்கள் லிட்டில் இந்தியாவை விட்டு வெளியே போனால் கவனமாக இருக்க வேண்டும். காய்கறியாகத் தெரிகிற பொரியலிலும் சம்பலிலும் பெலாச்சான் என்கிற இறால் விழுது இருக்கும். அசாம் லக்சா என்கிற புளிப்பு நூடுல்ஸின் சாறே மீன். சார் குவே தியாவ் என்கிற வறுத்த நூடுல்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு. "இறைச்சி வேண்டாம்" என்றால் போதாது. மீன், இறால், முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.

இனி பத்து பெரிங்கி. வெல்ட் கீ துறையிலோ, ஊர் நடுவில் உள்ள கொம்தார் கோபுரக் கட்டடத்திலோ 101-ம் நம்பர் பஸ் ஏறுங்கள். ஓட்டுநர் சில்லறை தரமாட்டார், ரிங்கிட்டைச் சரியாக எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது வலது பக்க ஜன்னலில் கடல் தெரியும். மாலை நெரிசலில் கிராப் செயலியில் எடுக்கிற வாடகைக் காரும் பஸ் வேகத்தில்தான் ஊரும்.

மணல் நன்றாகத்தான் இருக்கிறது. கடல்தான் விளம்பரப் படத்தில் உள்ள நீலம் இல்லை. மலாக்கா நீரிணையின் வண்டல் கலங்கிய தண்ணீர். ஜெல்லி மீன் வேறு உண்டு, எச்சரிக்கைப் பலகை இருந்தால் குழந்தைகளை இறக்கவே கூடாது. ஆக, அங்கே கொடுக்கிற காசு கடலுக்கு இல்லை, ஓட்டல் நீச்சல் குளத்துக்கு. அந்தக் குளத்தில் பருத்தித் துணியோடு இறங்கவிட மாட்டார்கள். சேலை, சுடிதார், பனியன் எதற்கும் அனுமதி கிடையாது. முழுக்கை லைக்ரா உடையை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போவது லாபம். பாராசெயிலிங், ஜெட் ஸ்கீ ஆட்கள் முதலில் சொல்கிற விலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை நிமிஷம் என்பதையும் முன்னாலேயே பேசிவிட வேண்டும். கடற்கரை பொதுச் சொத்து, ஓட்டலில் தங்காதவர்களும் நடக்கலாம். குளம் வேண்டாதவர்களுக்கு ஒரு சாயங்காலம் போய் வந்தாலே போதும். இருட்டியதும் சாலையோர இரவுச் சந்தையும் பார்த்துவிடலாம்.

தங்குவதானால் வார நாளில் தங்குங்கள். சனி, ஞாயிறில் உள்நாட்டுக் குடும்பங்கள் வந்து குவியும், வாடகையும் ஏறும். பிற்பகல் 3 மணிக்கு முன்னால் பெரும்பாலும் அறை தரமாட்டார்கள். பேக்கேஜில் சேர்க்காத செலவும் உண்டு: வெளிநாட்டவருக்கு அறைக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி, அதன் மேல் பினாங்கின் ஓட்டல் கட்டணம் இரண்டோ மூன்றோ ரிங்கிட். ஓட்டல் பிடித்து வைத்துத் திருப்பித் தருகிற முன்பணத்தை டெபிட் கார்டில் பிடித்தால் திரும்பி வர நாளாகும். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

பத்து பெரிங்கி தீவின் வடக்கு ஓரம், விமான நிலையம் தென்கிழக்கே பாயான் லெப்பாஸில். இடையில் ஊர் நெரிசலைத் தாண்டியாக வேண்டும். காலை விமானம் என்றால் கடைசி ராத்திரியை ஜார்ஜ் டவுனிலேயே வையுங்கள்.