குடிலா, தம்போலாவா, முந்திரிக்கொத்தா? எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் போட்டிகள்

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3-ம் தேதி முடிந்துவிட்டால், நாகர்கோவில் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் அடுத்த பேச்சு கிறிஸ்துமஸ்தான். எங்கள் வீட்டில் அதோடு இன்னொரு பேச்சும் சேர்ந்துகொள்ளும்: இந்த வருஷம் என்ன போட்டி? அப்பாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர். பேரன் பேத்திகளைச் சேர்த்தால் இருபத்தைந்து பேருக்குக் குறையாது. மாற்றி மாற்றி எல்லாப் போட்டியும் வைத்துப் பார்த்துவிட்டோம்.

எதையும் நான் இரண்டு கேள்விகளால்தான் அளக்கிறேன். ஏழு வயதுப் பிள்ளையும் எண்பது வயதுப் பாட்டியும் அதில் ஜெயிக்க முடியுமா? தோற்றவர்கள் அன்று ராத்திரி சந்தோஷமாக உட்கார்ந்து சாப்பிடுவார்களா?

முதலில் குடில், அதாவது இயேசு பிறந்த மாட்டுத் தொழுவத்தைச் சின்னச் சுரூபங்களால் (சிலைகளால்) வீட்டில் அமைப்பது. ஒரே வளாகத்தில் மூன்று வீடுகள் இருப்பதால் வீட்டுக்கு ஒரு குடில், அதில் எது நன்றாக இருக்கிறது என்பதுதான் போட்டி. குடில் வைக்கும் வழக்கத்தின் வேர் 1223-ல் இருக்கிறது. இத்தாலியின் கிரெச்சோ என்ற மலையூரில் தீவனத் தொட்டியில் வைக்கோல் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, பெத்லகேமைக் கண்முன் கொண்டுவந்தார் அசிசி ஊர்த் துறவி பிரான்சிஸ். எங்கள் குடிலில் மாடும் கழுதையும் சுரூபங்கள்தான். ஆனால் புல் உயிருள்ளது. அகலமான தட்டில் மண் பரப்பி, டிசம்பர் 14, 15 வாக்கில் நெல்லோ கேழ்வரகோ விதைத்தால், 24-ம் தேதி வயல் போலப் பச்சென்று நிற்கும். கடுகு அதைவிட வேகம். ஒரு வாரம் போதும். ஆனால் சீக்கிரம் சாய்ந்துவிடும். சிமென்ட் சாக்கின் பேப்பரைக் கசக்கிக் கரித்தூள் தடவினால் பாறை. உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுற்றி மணல் ஒதுக்கினால் குளம். குழந்தை இயேசுவின் சுரூபம் மட்டும் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்த பிறகுதான் தொட்டிக்குப் போகும்.

இந்தப் போட்டியின் பெரிய பலம், அது ஒரு நாளில் முடிவதில்லை என்பது. பத்து நாள் பிள்ளைகள் விடிந்ததும் பல் தேய்க்கும் முன்னே தட்டுக்குத் தண்ணீர் தெளிக்க ஓடுகிறார்கள். பெரியப்பா வீட்டு மலை எவ்வளவு உயரம் என்று சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக வேவு பார்க்கிறார்கள். ஜனவரியில், குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ராஜாக்களின் திருநாள்வரை குடில் அப்படியே இருக்கும். ராஜாக்களின் சுரூபங்களைத் தொட்டியை நோக்கி நாளுக்கு ஒரு சாண் நகர்த்திக் கொண்டுபோவது எங்கள் வீட்டுச் சின்னவளின் வேலை.

குறையும் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு இதில் இடமில்லை. சென்னையில் வேலை பார்க்கும் அத்தான் 24-ம் தேதி காலையில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும்போது மலை, குளம், புல் எல்லாம் முடிந்திருக்கும். துபாயிலிருந்து வரும் சித்தப்பாவும் அப்படித்தான். வந்தவர்கள் பார்த்துப் பாராட்டலாம், அவ்வளவுதான். இன்னொன்று செலவு. அன்பியத்திலிருந்து (பக்கத்து வீடுகள் சேர்ந்த கோயில் குழு) குடில் போட்டிக்கு வீடு வீடாக நடுவர்கள் வர ஆரம்பித்ததும், எங்கள் வளாகத்திலும் சீரியல் லைட்டும் தண்ணீர் மோட்டாரும் ஏறிக்கொண்டன. கடையில் வாங்கியது ஜெயிக்கும், கையால் செய்தது தோற்கும் என்ற நிலை. அதனால் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, சுரூபம் தவிர மற்றதெல்லாம் வீட்டிலோ தோட்டத்திலோ கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தோம். அதன் பிறகுதான் போட்டி மறுபடி பிள்ளைகள் கைக்கு வந்தது.

பலகாரப் போட்டியைப் பற்றி எனக்குத் தெளிவான கருத்து இருக்கிறது: வேண்டாம். முந்திரிக்கொத்து செய்கிறவர்களுக்குத் தெரியும், அது எத்தனை பேர் உழைப்பு என்று. பெயரில் முந்திரி இருந்தாலும் உள்ளே இருப்பது சிறுபயறு. வறுத்துப் பொடித்து, தேங்காயும் எள்ளும் சேர்த்து, சர்க்கரைப் பாகில் உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் மும்மூன்றாக முக்கிப் பொரித்தால், முந்திரிப்பழக் குலை போல ஒட்டிக்கொண்டு வரும். எங்கள் பக்கத்தில் முந்திரிப்பழம் என்றால் திராட்சை. பாகு முற்றிவிட்டால் உருண்டை கல்லாகிவிடும், பதம் குறைந்தால் எண்ணெயில் உடைந்துவிடும். ஏற்கெனவே இரண்டு நாள் அடுப்படியில் நிற்கிற பெண்களிடம் போய் அதற்கு மார்க் போடுவது நியாயமே இல்லை. ஒரு வருஷம் போட்டோம். மூன்றாவது இடம் என்று அறிவிக்கப்பட்ட மாமி எதுவும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் பலகாரம் கொண்டுவராமல் கேக் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்த டப்பாவைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்றும் இருக்கிறது. ஆண்கள் மட்டும் முறுக்கு பிழிய வேண்டும் என்று வைத்தால் ஒருவேளை சரியாக வரலாம்.

விவிலிய வினாடி வினாவும் வைத்தோம். மறைக்கல்வி எடுக்கும் மயினி (அண்ணி) ஒவ்வொரு தடவையும் ஜெயித்தார்கள். மூன்றாம் வருஷம் யாரும் பேர் கொடுக்கவில்லை.

கடைசியாகத் தம்போலா. சிலர் ஹௌஸி என்பார்கள். ஒருவர் எண்களை எடுத்துச் சொல்லச் சொல்ல, தன் சீட்டில் அது இருந்தால் அடித்துக்கொண்டே போவதுதான் ஆட்டம். இதன் வேரும் இத்தாலிதான், அதுவும் கிறிஸ்துமஸோடு பின்னியது. 1734-ல் நேப்பிள்ஸ் ராஜா சார்லஸ் லாட்டரியை அரசுக்கு வருமானமாக்க நினைத்தபோது, ரோக்கோ என்ற துறவி எதிர்த்தாராம். கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும் லாட்டரி கிடையாது என்று சமாதானம் ஆனதாம். அந்த வாரம் ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே எண் எடுத்து விளையாடப் பிறந்ததுதான் தொம்போலா என்று அந்த ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். அங்கே 90 எண்களுக்கும் ஆளுக்கொரு பொருள் உண்டு. 25 என்றால் கிறிஸ்துமஸ், 33 என்றால் இயேசுவின் வயது.

நாம் ஆடும் சீட்டில் மூன்று வரிசை, 27 கட்டம், அதில் 15 எண். ஜல்தி ஃபைவ் (முதலில் ஐந்து எண் அடிப்பது), மூன்று லைன், நாலு மூலை, ஃபுல் ஹவுஸ் (15 எண்ணும் அடிப்பது) என்று பரிசு பிரியும். இருபது சீட்டுக்கு ஆடினால் பெரும்பாலும் 70 எண் தாண்டித்தான் ஃபுல் ஹவுஸ் விழும். அரை மணி நேரம் மொத்தக் குடும்பமும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும். திறமை வேண்டாம், முன்னேற்பாடு வேண்டாம், அன்று காலை ரயிலில் வந்தவருக்கும் அதே வாய்ப்பு. எண் படிக்கத் தெரிந்த பிள்ளை போதும். என் இரண்டு கேள்விகளுக்கும் தயங்காமல் ஆம் சொல்வது இது ஒன்றுதான். தோற்றால் சீட்டைத்தான் குறை சொல்ல முடியும், யாரையும் சொல்ல முடியாது.

காசு வைத்து ஆடினால் மட்டும் இதன் நிறம் மாறிவிடும். சீட்டுக்குப் பத்து ரூபாய் என்று ஆரம்பித்தபோது, பிறப்புப் பெருவிழா அன்று சூதா என்று பாட்டா கேட்டார். அவர் கேட்டது சரி. இப்போது ஒவ்வொரு வீடும் ஒரு பொருள் கொண்டுவருகிறது: எவர்சில்வர் டப்பா, துண்டு, பிள்ளைகளுக்குக் கலர் பென்சில். நேப்பிள்ஸ்காரர்களைப் போல நாங்களும் எண்களுக்குப் பேர் வைத்துவிட்டோம். 3 என்றால் ராஜாக்கள், 10 கட்டளை, 12 திருத்தூதர், 40 தவக்காலம். எண்ணைச் சொல்லும் முன் பேரைச் சொல்ல வேண்டும். எண் எது என்று முதலில் கத்தும் பிள்ளைக்கு ஒரு மிட்டாய். வினாடி வினாவில் ஒதுங்கியவர்கள் இதில் தொண்டை கிழியக் கத்துகிறார்கள்.

ஆகவே எல்லாரும் கூடுகிற 25-ம் தேதி மத்தியானத்துக்குத் தம்போலாதான் என் தேர்வு. ஆனால் வளாகத்தில் பிள்ளைகள் இருக்கிறவரை குடில் போட்டியையும் விட மாட்டேன். தம்போலா அரை மணி நேரம் தருவதை அது பத்து நாள் தருகிறது. போன வருஷம் வெளியூரிலிருந்து வந்தவர்களையே குடிலுக்கு நடுவர்களாக்கிவிட்டோம். அத்தான் பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல், மூன்று குடிலின் முன்னும் முட்டி போட்டு ஒவ்வொரு பாறையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பாட்டிக்குச் சீட்டில் உள்ள எண் இப்போது தெரிவதில்லை. பித்தளைச் செம்பிலிருந்து எண் எடுத்துக் கொடுப்பது அவர்கள்தான். ஒவ்வொன்றையும் எடுத்து உள்ளங்கையில் மூடி, ஒரு நொடி நிறுத்தி, “என்ன மக்களே, எடுத்தாச்சு, சொல்லட்டுமா?” என்பார்கள்.